கடிகாரத்தில் சிக்கிய ஓட்டம்

கேள்வி: மாரத்தான் ஓடி முடித்தேன், ஸ்போர்ட்ஸ் வாட்சில் பதிவான கோப்பு திறக்கவில்லை. வாடிக்கையாளர் சேவையில் ‘ரீசெட் செய்யுங்கள்’ என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்; உங்கள் ஓட்டம் முழுதாக அழிந்திருக்க வேண்டியதில்லை. பல வாட்சுகள் பயன்படுத்தும் ‘ஃபிட்’ வகைக் கோப்பின் தலைப்பகுதியில் தரவின் அளவும், கடைசி 2 பைட்டுகளில் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். பதிவை முடிக்குமுன் பேட்டரி தீர்ந்தால் இவை சரியாக எழுதப்படாமல் போகலாம். இடையிலுள்ள நேரம், இடம், இதயத்துடிப்பு அப்படியே இருக்கக்கூடும். கணக்குப் பொருந்தாத கோப்பைச் செயலி ஏற்க மறுப்பது நியாயம்தானே என்பார்கள். நியாயம்தான், ஆனால் மறுப்பது வேறு, அழிப்பது வேறு. ரீசெட் மூலப்பதிவையே துடைத்துவிடலாம். முதலில் கோப்பைக் கணினியில் நகலெடுங்கள். பழுதுநீக்கும் மென்பொருளை நகலில் மட்டும் முயலுங்கள். சேவை மையத்துக்கும் ஒரு நகலை அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். உழைப்பு உங்களுடையது, பதிவும் உங்களுடையதே.