அடிவயிற்று வலி: முதிய தாய்மார்கள் எப்போது விரைய வேண்டும்?

தோட்டப்புறத் தாய்மார்கள் வலியைப் பொறுத்துப் பழகியவர்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, நிறைந்த பால் வாளிகளைச் சுமந்து, குடும்பத்தையும் பேணியவர்கள். வயதான பின்னர் அடிவயிற்றில் வலி கண்டால், "வாயுவாக இருக்கும், விடிந்தால் சரியாகிவிடும்" என்று ஓமநீர் குடித்துப் படுத்துவிடுகின்றனர். மறைவிடத்து நோயைச் சொல்ல நாணுவதும் உண்டு. இப்பொறுமையும் நாணமும் சில வேளைகளில் உயிருக்கே கேடாய் முடிகின்றன.

மாதவிலக்கு பெரும்பாலும் 50 வயதையொட்டி நின்றுவிடும். அதன்பின் வரும் வலியை மாதவிலக்கு வலி எனக் கொள்ளலாகாது. கருப்பை, சூலகம், சிறுநீர்ப்பை, குடல் ஆகியவை அடிவயிற்றில் நெருங்கி அமைந்துள்ளன. சூலகத்தில் உள்ள கட்டி முறுக்கிக்கொள்ளலாம், குடல்வால் வெடிக்கலாம், தொடையிடுக்கில் இறங்கிய குடல் நெரிபடலாம், சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவலாம்.

முதியவர்களுக்கு நோய் முற்றிய நிலையிலும் காய்ச்சல் இல்லாதிருக்கலாம். வலியும் குறைவாகவே தோன்றலாம். ஆகவே, வலியின் அளவை மட்டும் கொண்டு நோயை எடை போடுதல் தவறு.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

1. திடீரெனத் தோன்றிய கடும் வலி.
2. வலியுடன் காய்ச்சல், நடுக்கம் அல்லது ஓயாத வாந்தி.
3. மயக்கம், குளிர்ந்த வியர்வை.
4. வயிறு கல்போல் இறுகுதல். மலமும் காற்றும் பிரியாமை.
5. சிறுநீர் கழிக்க இயலாமை.
6. தொடையிடுக்கில் வலியுடன் கூடிய, உள்ளே போகாத வீக்கம்.
7. மிகுதியான இரத்தப்போக்கு.
8. நன்றாக இருந்தவர் திடீரெனப் பிதற்றுதல்.

இவற்றுள் ஒன்று காணினும் விடியும்வரை காத்திராது 999 எண்ணை அழைக்க வேண்டும். பினாங்குத் தீவில் ரெசிடென்சி சாலைப் பொது மருத்துவமனையும் பாலிக் புலாவ் மருத்துவமனையும் உள்ளன. பெருநிலத்தில் செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப், கெப்பாலா பத்தாஸ் ஆகிய இடங்களில் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன.

புறப்படுமுன் பேதி மருந்து கொடுக்கலாகாது; வயிற்றை அழுத்தி எண்ணெய் தேய்க்கலாகாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவும் தரவேண்டாம். வழக்கமாக உண்ணும் மாத்திரைகளை உடன் எடுத்துச் செல்க. வலி தொடங்கிய நேரத்தை மருத்துவரிடம் கூறுக.

சில நாட்களுக்குள் காட்ட வேண்டியவை

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். அவ்வாறு இரத்தம் காண்போரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, வயிற்று உப்புசம், உடல் மெலிவு, சிறுநீர் எரிச்சல், கருப்பை கீழிறங்குதல் ஆகியவற்றையும் மறைக்கலாகாது.

தாய் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார். கேட்பது பிள்ளைகளின் கடமை. மகளோ மருமகளோ தனியே அமர்ந்து அன்புடன் வினவினால், நாணம் அகன்று உண்மை வெளிப்படும். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் தயங்காமல் கேட்கலாம். நம்மை வளர்த்து ஆளாக்கிய அன்னையரின் வலியை "வயதானால் அப்படித்தான்" என்று தள்ளிவிடாதிருப்போமாக.