கருவுற்றோரும் மீன் உணவும்: பாதரசம் பற்றி அறிவோம்

ஏரிகள் மிகுந்த காஞ்சிபுரம் வட்டாரத்தில் மீன் எளிதில் கிடைக்கும் நல்ல புரத உணவு. எனினும், கருவுற்ற பெண்கள் எந்த மீனை உண்பது என்பதில் கவனம் கொள்ள வேண்டும். பாதரசமே அதற்குக் காரணம்.

தமிழகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. கொடைக்கானலில் இயங்கிவந்த இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு குறித்த புகார்களையடுத்து 2001-இல் மூடப்பட்டது. அவ்வூர் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நீரில் சேரும் பாதரசத்தை அடிச்சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து சிற்றுயிர்களுக்கும், அவற்றிலிருந்து சிறுமீனுக்கும், பின்னர் பெருமீனுக்கும் செல்கையில் படிப்படியாகச் செறிவடைகிறது. மீனின் தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால், கழுவினாலும் பொரித்தாலும் குழம்பில் கொதிக்கவிட்டாலும் நீங்குவதில்லை. நஞ்சுக்கொடி வழியே கருவை அடைந்து, வளரும் மூளையைப் பாதிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

ஆகவே, கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சுறா போன்ற பெரிய கடல் மீன்களைத் தவிர்க்கவும். பிற மீன்களைத் தின்று வளரும் பெரிய விரால், வாளை ஆகியவற்றைவிட ரோகு, கட்லா, மத்தி, நெத்திலி ஆகியவை ஏற்றவை. மீனையே விலக்கிவிட வேண்டாம்; அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் துணைபுரிகிறது. ஐயமிருப்பின் மகப்பேறு மருத்துவரை அணுகவும்.