சாம்பார் கவருக்கு மாற்று

கேள்வி: சேரப்பணஞ்சேரியில் சிறிய மெஸ் நடத்துகிறோம். ஒரகடம் கம்பெனித் தொழிலாளர்களுக்குத் தினமும் பார்சல் போகிறது. பிளாஸ்டிக்கைக் குறைக்க எங்கே தொடங்குவது?

பதில்: சாம்பார் கவரில்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய அந்தக் கவரைப் பழைய சாமான் கடைக்காரர்கூட எடுப்பதில்லை.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களைத் தடை செய்தது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் அதில் உண்டு. பலர் கவனிக்காதது, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும், துணிபோலத் தெரியும் நெய்யப்படாத பையும் அதே பட்டியலில் இருக்கின்றன. மாற்று என்று நம்பி இவற்றை வாங்கினால் செலவுதான் மிச்சம்.

எறியாமல் திருப்பி வாங்கும் முறைக்கு நல்ல முன்மாதிரி நீலகிரியில் கிடைக்கிறது. காட்டு விலங்குகள் உடைந்த மது பாட்டில்களின் கண்ணாடித் துண்டுகளை மிதித்துக் காயப்படுவது நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டில் வந்ததும் திருப்பித் தருகிறார்கள்.

மெஸ்ஸுக்கு இது இன்னும் எளிது. சாப்பிட்டவர் நாளையும் வருவார். குழம்புக்கு எவர்சில்வர் தூக்கு, அதற்கொரு முன்பணம். காலித் தூக்கு வந்தால் நிரப்பிய தூக்கு போகும். இட்லிக்கு வாழை இலை போதும். செய்தித்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம், அச்சு மை உணவில் இறங்கும்.

தொழிலாளர்களுக்கும் இது புதிதல்ல. கார் தொழிற்சாலைகளில் உதிரிபாகம் ஏற்றிய கிரேட்டுகள் இப்படித்தான் போய்ப் போய்த் திரும்புகின்றன.