வலியறிந்து இழுப்போம்



திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம், இது அரசனுக்குச் சொன்னது என்று விட்டும் இருப்போம். ஆனால் அதன் 475ஆவது குறளில் வருவது ஒரு வண்டி. மயிலிறகுதானே, என்ன கனம் இருக்கப் போகுது என்று ஏற்றிக்கொண்டே போனால் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். அதிகாரத்தின் முதல் குறள், செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை என நான்கையும் எடைபோடச் சொல்கிறது.

இதை நம் பக்கத்து வேலை ஒன்றில் வைத்துப் பார்ப்போம். பாயான் லெப்பாஸில் ஒரு பழைய காடி மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் ஓடாது. வாடகை டிரெய்லரில் ஏற்றி, இரண்டாவது பாலம் வழியாக நிபோங் திபாலுக்குக் கொண்டு போக வேண்டும். "ரெண்டு மூணு பேர் சேர்ந்தா முடிச்சிடலாம்" என்று தோன்றும். முதலில் நான்கையும் பார்ப்போம்.

1. செயலின் வலிமை

ஒரு மைவி சுமார் 1,000 கிலோ. டிரெய்லர் 700 கிலோ என்று வைத்தால், இழுக்க வேண்டியது 1,700 கிலோ. இழுக்கும் வண்டியின் கையேடு, அதன் கொக்கி, டிரெய்லர் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எடை அளவு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. ஒரு மைவியை இன்னொரு மைவி இழுக்கிற வேலை இல்லை இது.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். மொத்த எடையில் 10 விழுக்காடு அளவுக்குக் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். நம் கணக்கில் அது 170 கிலோ. கொக்கி அதைத் தாங்குமா என்றும் பாருங்கள். எஞ்சின் முன்னால் இருக்கும் காடியை முன்பக்கம் முன்னோக்கி ஏற்றுவது இதற்காகத்தான். எடை பின்னால் போனால் கொக்கி மேலே தூக்கும், டிரெய்லர் வால் ஆட்டும்.

2. தன் வலிமை

உங்கள் உரிமம் இதற்குச் செல்லுமா என்று ஜேபிஜேயில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் கேளுங்கள். டிரெய்லரின் பதிவு, விளக்குகள், டயர் காற்று ஆகியவற்றைக் காசு கொடுக்கும் முன்பே பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்த கையோடு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

3. எதிரியின் வலிமை

இங்கே எதிரி காற்றும் வேகமும். 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடல் மேல். பக்கக் காற்று டிரெய்லரைத் தள்ளும். பலகையில் உள்ள வேகம் வெறும் காடிக்கு, உங்கள் வேகம் அதற்கும் கீழே. நிற்க அதிக தூரம் பிடிக்கும், அதனால் முன்வண்டியிலிருந்து இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகம் கூட்டியும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெயிலிருந்து காலை எடுங்கள். வேகம் தானாகக் குறையட்டும்.

4. துணையின் வலிமை

கோயில் தேர் நிற்பது முட்டுக்கட்டையால். டிரெய்லருக்கும் அதேதான். சமதரையில், டிரெய்லரை முதலில் இழுக்கும் வண்டியோடு மாட்டி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்த பிறகே காடியை ஏற்றுங்கள். மாட்டாமல் ஏற்றினால் முன்பக்கம் எகிறும். வின்ச் கம்பியின் நேரிலும், ஏறும் காடியின் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

ஏறியதும் ஹேண்ட்பிரேக், கியர், பிறகு நான்கு டயருக்கும் நான்கு பெல்ட். காடியின் உடம்பைக் கட்டினால், ஸ்பிரிங் ஆட ஆட பெல்ட் தளரும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே பெருக்கல் குறி போல மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் அவை டிரெய்லரின் மூக்கைத் தாங்கிப் பிடிக்கும். ஏற்றிய காடிக்குள் யாரும் உட்காரக் கூடாது.

பாலத்தில் நிறுத்தி பெல்ட்டைப் பார்க்க முடியாது. பத்து மாவுங்கில் பாலம் ஏறும் முன் ஒரு முறை, பத்து காவானில் இறங்கியதும் இன்னொரு முறை பாருங்கள்.

இவ்வளவும் எதற்கு? தொழிற்பேட்டை வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவர் உங்கள் பின்னால் வருவார். அவர் உங்கள் கொக்கியைச் சோதித்துப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நம்பி வருகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதும் தர்மம்தான். நான்கில் ஒன்று குறைந்தாலும் கேரியர் லாரியைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கமே இல்லை, அதுவும் வலியறிதல்தான்.

குழுவில் பேசுவோம்

• உங்கள் வீட்டு வண்டியின் கையேடு எத்தனை கிலோ இழுக்கலாம் என்கிறது? அடுத்த கூட்டத்துக்கு எழுதி வாருங்கள்.
• "எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்று நண்பர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?
• நான்கு வலிமைகளில் நாம் அதிகம் மறப்பது எது? ஏன்?