புகை அடித்தால் போதுமா?

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் தேதி கேரள அரசு ஒரு செய்தியை வெளியிட்டது. பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. உடம்பில் சிவப்புத் தடிப்புகளும் இருந்தன. பரிசோதித்தபோது அது ஜிக்கா என்று தெரிந்தது. கேரளத்தில் ஜிக்கா கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

ஜிக்கா என்பது ஒரு காட்டின் பெயர். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் அந்தக் காடு இருக்கிறது. 1947-இல் அங்கே ஒரு குரங்கின் இரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டார்கள். பெரும்பாலோருக்கு இது லேசான காய்ச்சல்தான். சில நாட்களில் சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியை இது கெடுக்கக்கூடும். 2015-இல் பிரேசில் நாட்டில் ஜிக்கா பரவியது. அதன்பின் தலை சிறுத்த குழந்தைகள் அங்கே ஏராளமாகப் பிறந்தன. இதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அது தமிழ்நாடு. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் வேலைக்கும் மக்கள் தினமும் எல்லையைக் கடக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் சாயாக்கடையில் பேச்சு எழும். "அங்கேயிருந்து வந்தது" என்பார்கள் இந்தப் பக்கத்தார். அந்தப் பக்கத்தாரும் அதையேதான் சொல்வார்கள். "செக்போஸ்டில் நிறுத்திப் பார்த்தால் போதும்" என்பார் ஒருவர்.

போதுமா? ஜிக்கா தொற்றிய ஐந்து பேரில் நான்கு பேருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. அவர்களை எந்த செக்போஸ்டில் பிடிப்பது? கிருமியை மனிதர் சுமந்து வரலாம். ஆனால் அதைப் பரப்பும் கொசு ஏடிஸ் கொசு. உடம்பிலும் காலிலும் வெள்ளைக் கோடு உள்ளது. பகலில் கடிப்பது. அது அதிக தூரம் பறக்காது. சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். நம்மைக் கடிக்கும் கொசு நம் வீட்டில் பிறந்தது. இல்லையென்றால் பக்கத்து வீட்டில் பிறந்தது.

கொசுவால் நோய் வரும் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அது யார் வீட்டுக் கொசு என்று கேட்டால்தான் பதில் வராது.

"பஞ்சாயத்து வந்து புகை அடிக்கட்டும்" என்று காத்திருப்பவர் பலர். புகை கண்ணுக்குத் தெரிகிறது. ஏதோ நடக்கிறது என்று மனம் நிம்மதி அடைகிறது. அந்தப் புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. சில நாட்களில் புதுக் கொசு கிளம்பிவிடும்.

எல்லைக் கிராமத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பாட்டி இருக்கிறார். அவர் பேத்திக்கு இது ஏழாம் மாதம். ஆஷா பணியாளர் வருகிறார்.

"சாக்கடையிலதான் கொசு வரும் மக்களே. எங்க வீட்டுத் தண்ணி நல்ல தண்ணி" என்கிறார் பாட்டி.

ஆஷா பணியாளர் ஆட்டுரல் குழியில் கிடந்த மழைத் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுகிறார். கூத்தாடிப் புழுக்கள் துள்ளுகின்றன. "நல்ல தண்ணியிலதான் பாட்டி இந்தக் கொசு முட்டை போடும்" என்கிறார். பிறகு பிரிட்ஜின் பின்புறத் தட்டைப் பார்க்கிறார்கள். பூந்தொட்டியின் அடித்தட்டைப் பார்க்கிறார்கள். இரண்டிலும் புழு.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டை பாத்திரத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். அதனால் தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒரு நாள் போதும் என்பது இதனால்தான். கேரளத்தில் இதை டிரை டே என்கிறார்கள். கடை மூடும் டிரை டே அல்ல, தண்ணீர் காயும் டிரை டே. வெள்ளிக்கிழமை பள்ளிகளில். சனிக்கிழமை அலுவலகங்களில். ஞாயிற்றுக்கிழமை வீடுகளில்.

ரப்பர் தோட்டத்தில் விஷயம் இன்னும் சிக்கல். ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 180 மரம் நிற்கும். மரத்துக்கு ஒரு சிரட்டை. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுவிட்டால் அத்தனையிலும் தண்ணீர் நிறையும். "கவிழ்த்து வைப்பது வெட்டுகாரர் வேலை" என்பார் தோட்டக்காரர். "வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லையே" என்பார் வெட்டுகாரர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த ஒரு நாள் கூலியைத் தோட்டக்காரர் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். பலர் கொடுப்பதில்லை.

அடுத்த ஞாயிறு ஆஷா பணியாளர் மறுபடி வந்தார். ஆட்டுரல் குழி காய்ந்திருந்தது. பாட்டி வேலியோரம் நின்றிருந்தார்.

"எங்க வீட்டுல எல்லாத்தையும் தேய்ச்சுக் கவிழ்த்தாச்சு மக்களே. வேலிக்கு அந்தப் பக்கம் நாலு டயர் கிடக்கே, அதை யாரு கவிழ்ப்பா? அந்தக் கொசுவும் என் பேத்தியைத்தானே கடிக்கும்?"

"நான் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன் பாட்டி. கேட்கல."

பாட்டி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "வா, நானும் வாறேன்."

இருவரும் வேலியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள்.