பூமத்திய ரேகையில் பனி

பூமத்திய ரேகை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது என்ன? சுட்டெரிக்கும் வெயில், நாள்தோறும் கொட்டும் மழை, சூரிய ஒளி புகாத அடர்ந்த காடு. பூகோளப் பாடத்தில் நாம் அப்படித்தான் படித்திருக்கிறோம். அது உண்மையே. ஆயினும் அந்த ரேகை செல்லும் வழியிலேயே ஆண்டு முழுவதும் பனி படர்ந்திருக்கும் ஒரு மலையும் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

அம்மலையின் பெயர் கயாம்பே. உயரம் 5,790 மீட்டர். தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில் உள்ளது. அதன் தென் சரிவின் வழியாகத்தான் பூமத்திய ரேகை செல்கிறது. 'ஈக்வடார்' என்ற ஸ்பானியச் சொல்லுக்கே பூமத்திய ரேகை என்பதுதான் பொருள். ஆண்டீஸ் மலைத்தொடர் அந்நாட்டின் நடுவே இரண்டு வரிசைகளாக வடக்கிலிருந்து தெற்காகச் செல்கிறது. தோழியரே, பயணச்சீட்டும் பெட்டியும் நமக்கு வேண்டாம். அட்லஸைத் துணையாகக் கொண்டு அம்மலைகளில் ஏறிப் பார்ப்போம், வாருங்கள்!

உயரம் செய்யும் மாயம்

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் ஈக்வடார் முழுவதும் நமக்கு விளங்கிவிடும். கடற்கரைச் சமவெளியில் வாழையும் கொக்கோவும் செழிக்கின்றன. சற்று மேலே காப்பித் தோட்டங்கள். 2,000 மீட்டருக்கு மேல் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் பயிராகின்றன. 3,500 மீட்டரைத் தாண்டினால் மரங்கள் மறைந்து, 'பாரமோ' எனப்படும் குளிர்ந்த புல்வெளி தொடங்குகிறது. 5,000 மீட்டருக்கு மேல் பனி. துருவத்தை நோக்கிப் பல ஆயிரம் கிலோமீட்டர் சென்று காண வேண்டிய மாற்றங்களை இங்கே ஒரே நாள் பயணத்தில் கண்டுவிடலாம்.

இதை உலகிற்கு எடுத்துக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். அவர் 1802-ஆம் ஆண்டில் சிம்பொராசோ மலையில் ஏறினார். வழியில் பெரும் பிளவு குறுக்கிட்டதால் உச்சியை எட்ட முடியாமல் திரும்பினார். ஆனால் எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்பதை ஒரே படத்தில் எழுதிக் காட்டி 1807-இல் வெளியிட்டார். உச்சியை முதன்முதலில் அடைந்தவர்கள் எட்வர்ட் விம்பர் என்னும் ஆங்கிலேயரும், கரெல் குடும்பத்தைச் சேர்ந்த இரு இத்தாலிய வழிகாட்டிகளும் ஆவர். ஆண்டு 1880.

மேகத்தின் அருகே ஒரு தலைநகரம்

நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. ஈக்வடாரின் தலைநகரான கீட்டோவோ 2,850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது! நமது சிகரத்தைவிட உயரத்தில் ஒரு பெருநகரமே இயங்குகிறது. பூமத்திய ரேகை அருகிலேயே இருந்தும் அங்கே மின்விசிறி தேவைப்படுவதில்லை. காலையில் கம்பளிச் சட்டை, நண்பகலில் வெயில், மாலையில் குடை என்று ஒரே நாளில் பல பருவங்களைக் காணலாம். 1978-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதற் பட்டியலை வெளியிட்டபோது கீட்டோவின் பழைய நகரமும் அதில் இடம்பெற்றது.

நகருக்கு வடக்கே 'உலகின் நடு' என்ற பெயருடன் 30 மீட்டர் உயர நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. வட கோளத்தில் ஒரு காலும் தென் கோளத்தில் ஒரு காலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளப் பயணிகள் முந்துவார்கள். ஆனால் இக்காலக் கருவிகளால் அளந்து பார்த்தபோது உண்மையான ரேகை அங்கிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் வடக்கே செல்வது தெரியவந்தது!

1736-இல் பிரெஞ்சு அறிஞர்கள் இந்நாட்டிற்கு வந்து ஆண்டுக்கணக்கில் மலைகளுக்கிடையே நிலத்தை அளந்தனர். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் நடுவில் பருத்தும் இருக்கிறது என்பதை உறுதிசெய்ய அந்த அளவைகள் உதவின. இதனால் ஒரு விந்தை விளைந்தது. கடல்மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் சிகரமே உயர்ந்தது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் 6,263 மீட்டர் உயரமுள்ள சிம்பொராசோ உச்சியே எல்லாவற்றையும்விடத் தொலைவில் நிற்கிறது.

அழகும் ஆபத்தும்

கீட்டோவிலிருந்து தெற்கே செல்லும் பள்ளத்தாக்கின் இருபுறமும் எரிமலைகள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றுள் 5,897 மீட்டர் உயரமுள்ள கோட்டோபாக்சி கூம்பு வடிவில் வெண்மையாக நிற்பது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் 1877-இல் அது வெடித்தபோது பனி உருகிச் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து ஊர்களை அழித்தது. 2015-இலும் அது விழித்துச் சாம்பலைக் கக்கியது. துங்குராவா எரிமலையின் அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பாஞோஸ் என்ற சிற்றூர் உள்ளது. 1999-இல் மலை சீறியபோது அவ்வூர் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். சில மாதங்களில் தங்கள் வீடுகளுக்குத் தாங்களாகவே திரும்பி வந்தனர். நாம் வேடிக்கை பார்க்கும் மலை அவர்களுக்கு அண்டை வீடு என்பதை மறக்கலாகாது.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். வேகமாக மேலே சென்றால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை வரும். அலட்சியம் செய்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஓரிரு நாள் தங்கி உடலைப் பழக்கிய பிறகே மேலே ஏற வேண்டும். நோய் முற்றினால் கீழே இறங்குவதே முதல் மருந்து. 'பதறாத காரியம் சிதறாது' என்ற நம் பழமொழி மலையேறுவோருக்கு மிகவும் பொருந்தும்.

மலை தந்த கொடைகள்

மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தந்தது ஆண்டீஸ் மலையின் சிங்கோனா மரப்பட்டையே. 1860-இல் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞர் சிம்பொராசோவின் மேற்குச் சரிவுகளில் சிங்கோனா விதைகளையும் கன்றுகளையும் சேகரித்தார். அவ்வாறு ஆண்டீஸிலிருந்து வந்த சிங்கோனாதான் நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களாக வளர்ந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த அந்த மரத்தின் தாய்வீடு ஈக்வடார் மலைகள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பாரமோ புல்வெளியும் வெறும் புல்லன்று. அதன் கரிய மண் பஞ்சுபோல மழையையும் மூடுபனியையும் உறிஞ்சி வைத்து, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகிறது. கீட்டோ மக்கள் குடிக்கும் நீர் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. அதைத் தீயிட்டு எரித்தாலும், மிதித்துக் கெடுத்தாலும் கீழே குழாய்கள் வறண்டுவிடும். இதை உணர்ந்து 2000-ஆம் ஆண்டில் கீட்டோ நகரம் நீர்ப் பாதுகாப்புக்கென ஒரு நிதியத்தையே ஏற்படுத்தியது.

சிம்பொராசோவின் பனிக்கட்டியும் ஒரு காலத்தில் பலருக்குச் சோறு போட்டது. பால்தசார் உஷ்கா என்ற முதியவர் பனிக்கட்டிகளை வெட்டி, புல்லால் சுற்றி, கழுதைகளின் மீது ஏற்றி, ரியோபாம்பா நகரச் சந்தைக்குக் கொண்டுவருவார். பழச்சாறு விற்பவர்கள் அதை வாங்குவார்கள். குளிர்பதனப் பெட்டிகள் வந்தபின் மற்றவர்கள் தொழிலை விட்டுவிட, அவர் மட்டும் விடவில்லை. 'கடைசிப் பனிக்காரர்' என்று உலகம் போற்றிய அவர் 2024-இல் மறைந்தார்.

பனிக்காரர் மறைந்தார், பனியும் மறைகிறது. பூமி வெப்பமடைவதால் ஆண்டீஸின் பனியாறுகள் ஆண்டுதோறும் சுருங்கி வருகின்றன. அதே மலைத்தொடரின் வடகோடியில், வெனிசுலா நாட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பனியாற்றுக்கு ஹம்போல்ட்டின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். 2024-இல் அதுவும் பனியாறு என்று அழைக்கத் தகாத அளவுக்குச் சிறுத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பனியாறுகளே இல்லாத நாடாகிவிட்டது வெனிசுலா!

பனியை உருக்கும் வெப்பம் எங்கோ ஓரிடத்தில் மட்டும் உண்டாவதன்று. உலகெங்கும் எரியும் நிலக்கரியும் பெட்ரோலும் அதற்குக் காரணம். அதில் நம் பங்கும் உண்டு. வீணாக எரியும் ஒரு விளக்கை அணைப்பது சிறு செயல்தான். ஆனால் அது நம்மால் இயன்ற செயல். பூமத்திய ரேகையில் பனி உண்டு என்று இன்று நாம் பெருமையுடன் எழுதுகிறோம். நமக்குப் பின் பத்தாம் வகுப்பில் அமரப்போகும் தங்கையரும் அதை 'உண்டு' என்றே எழுத வேண்டும். 'இருந்தது' என்று எழுதும் நிலை வரலாகாது.