ஏலத்துக்கு முன்பே நடந்த கணக்கு: ஐபிஎல் வீரர் பரிமாற்றம் – முக்கியக் குறிப்புகள்

நாகர்கோவிலில் மாலை நேரம் கூடிப் படிக்கிற எங்கள் குழுவுக்காக எழுதியது இது. நடப்பு நிகழ்வுப் புத்தகங்கள் ஐபிஎல் பற்றி மூன்று வரியோடு நிறுத்திவிடும்: கோப்பை யாருக்கு, ஆரஞ்சு தொப்பி யாருக்கு, அதிக விலை யாருக்கு. கூற்று–காரணம் வகைக் கேள்வி வந்தால் அந்த மூன்று வரி கை கொடுக்காது. ஓர் அணி ஏன் ஒருவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்குகிறது என்பது புரிந்தால் எண்கள் தானாகவே மனதில் நிற்கும். எனவே பெரிய பரிமாற்றம் ஒன்றை எடுத்து முழுக்கப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மற்றவை அதைச் சுற்றி வருபவை.

சென்னை – ராஜஸ்தான் பரிமாற்றம், 2025

1. அறிவிப்பு வந்த நாள்: 2025 நவம்பர் 15. ராஜஸ்தான் ராயல்ஸிலிருந்து சஞ்சு சாம்சன் 18 கோடி ரூபாய்க்குச் சென்னை வந்தார். சென்னையிலிருந்து ரவீந்திர ஜடேஜா 14 கோடிக்கும், சாம் கரண் 2.4 கோடிக்கும் ராஜஸ்தான் போனார்கள்.

2. கவனிக்க: சென்னையில் ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி. பரிமாற்றத்தில் அது 14 கோடியாகக் குறைந்தது. இந்த இரண்டு எண்களையும் தேர்வில் மாற்றிப் போட்டுக் குழப்புவார்கள்.

3. பின்னணி: 2025 தொடரில் சென்னை 14 ஆட்டங்களில் 4 வெற்றியுடன் பத்தாவது இடம். கடைசி இடத்தில் முடித்தது அதன் வரலாற்றில் முதல்முறை. ராஜஸ்தானுக்கும் அதே 4 வெற்றி, 8 புள்ளி, ஒன்பதாவது இடம். அடிமட்டத்தில் கிடந்த இரண்டு அணிகள் தங்களுக்குள் செய்துகொண்ட பேரம் இது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சேர்ந்தே இடைநீக்கத்தில் இருந்தவையும் இதே இரண்டு அணிகள்தாம் (லோதா குழுவின் தீர்ப்பு, 2015 ஜூலை).

4. சென்னைக்கு என்ன தேவைப்பட்டது? 2025இல் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் பாதியில் விலக, தோனி மறுபடியும் கேப்டன் ஆனார். அவருக்கு அந்த ஜூலையில் 44 வயது நிறைந்தது. அடுத்த விக்கெட் கீப்பர் யார் என்ற கேள்வியைச் சில வருடங்களாகவே தள்ளிப்போட்டு வந்தார்கள். பவர்பிளேயில் ரன் வேகமும் குறைவு. கீப்பர், தொடக்க ஆட்டக்காரர், தேவைப்பட்டால் கேப்டன் என்று மூன்று காலியிடத்துக்கும் சஞ்சு ஒருவரே பொருந்துகிறார். ராஜஸ்தானுக்கு 2021 முதல் கேப்டனாக இருந்து, 2022இல் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனவர் அவர்.

5. சென்னை எதை இழந்தது? நான்கு ஓவர் இடதுகைச் சுழல், கடைசி ஓவர்களில் மட்டை, களத்தில் ஒரு கழுகு. 2023 இறுதிப்போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்சரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் ஜடேஜா. 2018, 2021, 2023 என மூன்று கோப்பைகளிலும் அவர் உண்டு. இந்தப் பத்தியை எழுதும்போது எனக்கே கை கொஞ்சம் நிற்கத்தான் செய்தது.

6. இனி கணக்கு. பரிமாற்ற நாளில் ஜடேஜாவுக்கு 37 நிறைய மூன்று வாரம் பாக்கி (பிறப்பு: 1988 டிசம்பர் 6). சஞ்சுவுக்கு 31 (1994 நவம்பர் 11). ஜடேஜா விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப, அடுத்த மாதம் நடந்த ஏலத்தில் சென்னை எடுத்தவர் உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர்: இடதுகைச் சுழல், மட்டையும் ஆடுவார், வயது 20. விலை 14.20 கோடி. ராஜஸ்தான் ஜடேஜாவுக்கே கொடுப்பது 14 கோடி! அசல் ஆளின் விலையும் அவர் சாயலில் ஓர் இளைஞரின் விலையும் ஏறக்குறைய ஒன்று. வெறும் 20 லட்சம் கூடுதலாகக் கொடுத்துச் சென்னை வாங்கியது ஏறக்குறைய பதினேழு வருட வயது வித்தியாசத்தை. தந்தது அனுபவத்தை. பரிமாற்றத்தை எடைபோடும்போது பெயரோடு பெயரை ஒப்பிடாமல், போனவரின் வேலையை இனி யார், என்ன விலைக்குச் செய்வார் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

7. ராஜஸ்தான் பக்கம்: 18 கோடி வெளியே, 16.4 கோடி உள்ளே. 1.6 கோடி மிச்சம், இரண்டு ஆல்ரவுண்டர்கள் வரவு. சாம் கரண் வெளிநாட்டவர் என்பதால் அவருக்கு இடம் வேண்டும். ஓர் அணியில் வெளிநாட்டவர் அதிகபட்சம் 8 பேர். அந்த இடத்துக்காக, வெளிநாட்டவரான ஹசரங்கா, தீக்சனா இருவரையும் அவர்கள் விடுவித்தார்கள். பணம் இருந்தும் இடம் இல்லாமல் பேரம் முட்டி நிற்பது இப்படித்தான்.

8. ஜடேஜாவின் ஐபிஎல் வாழ்க்கை தொடங்கியதே ராஜஸ்தானில்தான். 2008இல் ஷேன் வார்ன் தலைமையில் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். வேறு அணியோடு தானாகப் பேரம் பேச முயன்றதற்காக 2010 தொடர் முழுக்கத் தடை. 2011இல் கொச்சி டஸ்கர்ஸ், 2012இல் 20 லட்சம் டாலருக்குச் சென்னை.

ஒரு எல்லைக் குறிப்பு

9. சஞ்சு சாம்சனின் ஊர் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையில் விழிஞ்ஞத்தை அடுத்த புல்லுவிளை. அது நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது, விளவங்கோட்டை ஒட்டிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. நம் ஊர்க்காரர்கள் சஞ்சுவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போலப் பேசுவதற்கு இதுதான் காரணம். விளையாட்டுக் கேள்வியோடு மாநிலச் சீரமைப்பையும் சேர்த்துப் படித்த மாதிரி ஆயிற்று.

2025 டிசம்பர் ஏலம்

10. இடம்: அபுதாபி. நாள்: டிசம்பர் 16. ஒவ்வோர் அணிக்கும் மொத்த வரம்பு 125 கோடி (முந்தைய தொடரில் 120 கோடி). அணியில் குறைந்தது 18, அதிகபட்சம் 25 பேர்.

11. அதிக விலை: கேமரூன் கிரீன், 25.20 கோடி, கொல்கத்தா. ஆனால் அவர் கைக்குப் போவது 18 கோடிதான். மினி ஏலத்தில் வெளிநாட்டவர் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. மீதி இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் வீரர் நலனுக்கு. "கிரீன் பெற்ற தொகை" என்றும் "கிரீனுக்குக் கேட்கப்பட்ட தொகை" என்றும் கேள்வியைத் திருப்பிப் போட்டால் விடை வேறு.

12. சென்னை ஏலத்துக்குக் கொண்டுபோனது 43.40 கோடி. அதில் 28.40 கோடியை, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, இரண்டே பேருக்குக் கொட்டியது: பிரசாந்த் வீர் 14.20, ராஜஸ்தான் மாநிலத்தின் 19 வயது கீப்பர் கார்த்திக் சர்மா 14.20. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். இந்தியாவுக்காக ஆடாத வீரர்களில் இதுவே உச்ச விலை. முந்தைய உச்சம் 2022இல் ஆவேஷ் கானுக்கு லக்னோ கொடுத்த 10 கோடி.

குளச்சல் ஏலக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. நெய்மீன் நாலே நாலு வந்து, வியாபாரிகள் பத்துப் பேர் கையில் பணத்தோடு நின்றால் விலையை ஏற்றுவது மீன் இல்லை, பக்கத்தில் நிற்கிறவர். மெகா ஏலத்தில் கூடை நிறைய வரும். மினி ஏலத்தில் நல்ல சரக்கு கொஞ்சமே. எனவே மினி ஏல விலையை ஆளின் தரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது: 2024 நவம்பரில் ஜெத்தா ஏலத்தில் 23.75 கோடிக்குப் போன வெங்கடேஷ் ஐயர், ஓராண்டு கழித்து பெங்களூருக்கு 7 கோடிக்குக் கிடைத்தார்.

13. என் கருத்து, தேர்வுக்கு வேண்டாம்: பிரசாந்த் வீர் புரிகிறது. சஞ்சுவை 18 கோடிக்கு வாங்கி, தோனியும் உர்வில் படேலும் இருக்கும்போது இன்னொரு கீப்பருக்கு 14.20 கோடி என்பது மட்டையை நம்பிக் கொடுத்த விலையாக இருந்தால்தான் நியாயம். 13 கோடியில் வைத்திருந்த பதிரானாவை விடுவித்ததும் இடறுகிறது. அவரைக் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துப் போய்விட்டது.

பழைய பேரங்கள்

14. முதல் ஐபிஎல் ஏலம்: 2008 பிப்ரவரி 20, மும்பை. தோனி 15 லட்சம் டாலர், சென்னை. ஓர் அணியின் வரம்பு 50 லட்சம் டாலர் என்பதால் இது 30 சதவீதம். சச்சின், கங்குலி, டிராவிட், சேவாக், யுவராஜ் ஆகியோர் அவரவர் ஊர் அணிக்கு 'ஐகான்' வீரர்கள். அணியின் அதிக விலை வீரரைவிட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சென்னைக்கு ஐகான் இல்லை. மற்றவர்கள் தோனிக்கு விலையேற்றினால் ஐகானின் சம்பளமும் சேர்ந்து ஏறும். சென்னைக்கு அந்தச் சுமை கிடையாது. குறையாகத் தெரிந்தது வசதியாக ஆன இடம்.

15. முதல் பரிமாற்றங்கள்: 2009. ஜாகீர் கான் மும்பைக்கு, ராபின் உத்தப்பா பெங்களூருக்கு. ஷிகர் தவான் மும்பைக்கு, ஆஷிஷ் நெஹ்ரா டெல்லிக்கு.

16. அதே உத்தப்பாவைச் சென்னை 2021இல் ராஜஸ்தானிடம் பணம் கொடுத்து வாங்கியது. சம்பளம் 3 கோடி. தொடரின் பெரும்பகுதி பெஞ்சில். பிறகு முதல் தகுதிச் சுற்றில் 44 பந்தில் 63, இறுதிப்போட்டியில் 15 பந்தில் 31. கோப்பை சென்னைக்கு.

17. 2018 ஜனவரி, பெங்களூரு ஏலம். சென்னை அப்போது திரட்டியது வயதானவர்களின் படை என்று கேலி செய்யப்பட்ட அணி. 36 வயது ஷேன் வாட்சன் 4 கோடி, அம்பதி ராயுடு 2.2 கோடி, தீபக் சாஹர் 80 லட்சம். ராயுடு 602 ரன் எடுத்தார். வாட்சன் இறுதிப்போட்டியில் 57 பந்தில் ஆட்டமிழக்காமல் 117. ஊரார் வேண்டாம் என்று ஒதுக்கியதில் நல்லதைப் பொறுக்கியதற்கு இதைவிடச் சான்று ஐபிஎல்லில் எனக்குத் தெரியவில்லை. அந்த ஏலத்தில் அஸ்வின் 7.6 கோடிக்குப் பஞ்சாபுக்குப் போனார். ஏற்கெனவே மூன்று இந்தியர்களைத் தக்கவைத்திருந்ததால், பழைய வீரரை அதே ஏல விலைக்குத் திரும்ப எடுக்க உதவும் 'ரைட் டு மேட்ச்' அட்டையைச் சென்னை அவருக்குப் பயன்படுத்த விதி இடம் தரவில்லை; அந்த அட்டைகள் பிராவோவுக்கும் டு பிளெசிக்கும் போயின.

18. முழுக்கப் பணப் பரிமாற்றம்: ஹர்திக் பாண்டியா, குஜராத்திலிருந்து மும்பை, 15 கோடி (2023 நவம்பர்). அதே சமயம் கிரீன் மும்பையிலிருந்து பெங்களூரு, 17.5 கோடி.

பேஸ்பாலிலிருந்து

இந்த வித்தைக்கெல்லாம் பிறந்த வீடு அமெரிக்க பேஸ்பால். தொடர் முடிந்த குளிர்காலம் முழுக்க அங்கே பேரம்தான் பேச்சு.

19. 1919 தொடர் முடிந்ததும் பாஸ்டன் ரெட் சாக்ஸ், பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றது.

20. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃபிளட் என்பவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்குக் கொடுத்தது. அவர் போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5–3 என்று தோற்றார். 1975 நடுவர் தீர்ப்புக்குப் பிறகுதான் வீரர்களுக்கு விரும்பிய அணியைத் தேர்வு செய்யும் சுதந்திரம் கிடைத்தது. இன்றும் அங்கே பெரும்பாலோரை அவர்கள் சம்மதமின்றி மாற்ற முடியும். பத்தாண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்தவர் மறுக்கலாம். ஐபிஎல்லில் வீரரின் சம்மதம் கட்டாயம். இந்த ஒரு வேறுபாடு முக்கியம்.

21. 2002, ஓக்லாந்து. நட்சத்திரம் ஜேசன் ஜியாம்பி அதிகப் பணத்துக்கு யாங்கீஸ் போய்விட்டார். மேலாளர் பில்லி பீன் அவர் மாதிரி ஒருவரைத் தேடவில்லை. அடிக்காவிட்டாலும் எப்படியோ முதல் தளத்தை எட்டிவிடுகிற, சந்தையில் மதிப்பில்லாத ஆட்களை எடுத்தார். தொடர்ந்து 20 வெற்றி. இறுதிக் கணக்கில் இரு அணிகளுக்கும் தலா 103 வெற்றி. யாங்கீஸ் சம்பளச் செலவு சுமார் 12.5 கோடி டாலர், ஓக்லாந்து சுமார் 4 கோடி. மைக்கேல் லூயிஸ் 2003இல் 'மணிபால்' என்ற நூலாக எழுதினார்.

22. இந்திய இணைப்பு: ரிங்கு சிங், தினேஷ் படேல். 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த இருவர்.

நம் பக்கம்

23. தமிழ்நாடு பிரீமியர் லீக்: தொடக்கம் 2016. 2023 முதல் ஏலமுறை. அந்த ஏலத்தில் சாய் சுதர்சன் 21.6 லட்சத்துக்குக் கோவைக்கு. அப்போது ஐபிஎல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம்! அதே ஆண்டு ஐபிஎல் இறுதியில் சென்னைக்கு எதிராக அவர் 47 பந்தில் 96 எடுத்தார். ஜூலையில் டிஎன்பிஎல் இறுதி திருநெல்வேலியில். சொந்த மண்ணில் நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் தோற்றது.

24. கால்பந்து: மைக்கேல் சூசைராஜ். ஊர் நம் மாவட்டத்து இரவிபுத்தன்துறை. சென்னை சிட்டி, அங்கிருந்து 2018இல் ஜாம்ஷெட்பூர், 2019இல் கொல்கத்தாவின் ஏடிகே. 2019–20 இந்தியன் சூப்பர் லீக் கோப்பை ஏடிகேவுக்கு. கால்பந்து வீரர் மைக்கேல் ரெஜின் இவரது சகோதரர்.

மாற்றிப் போட்டுக் கேட்கக்கூடியவை

25. ஜெத்தா (2024, மெகா) – அபுதாபி (2025, மினி). ரிஷப் பந்த் 27 கோடி (லக்னோ) – கிரீன் 25.20 கோடி (கொல்கத்தா). தோனி 4 கோடி: ஐந்தாண்டு சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியர், 'இந்தியாவுக்காக ஆடாதவர்' கணக்கில் வருவார் என்ற விதிப்படி. உலகக் கோப்பை இரண்டு வென்ற கேப்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதால், அதை நம்ப முடியாமலே பலர் தவறான விடையை வட்டமிடுகிறார்கள்.